நேரத்துக்கு முன்னாடி

ஏனுங்க, மணி என்னாச்சு? என்ற வாட்சுல பாத்துட்டேன், இருந்தாலும் உங்களதுலயும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. ஆங். அப்ப என்றது சரியாத்தான் ஓடுது. வண்டிதான் ஓட மாட்டேங்குது. அடிவாரத்துல டீ குடிக்க நிறுத்துனான் பாருங்க, அவ்வளவு நேரம் நிக்கறதுக்கு இந்த ரூட்டுல எடமே கெடையாது. நான் சொல்றேன், எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியுமா? நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீஸ்னு ஒரு கூண்டு இருக்கும், பாத்திருப்பீங்க. உள்ள ஒருத்தன் மைக்கை வெச்சுக்கிட்டு, "கொல்லிமலை வண்டி எடுக்கலாம், கொல்லிமலை வண்டி எடுக்கலாம்"னு கத்திக்கிட்டு இருப்பான். அந்தக் கூண்டுல இருந்தவன் நானுங்க. பேரு அர்த்தநாரி. டைம் கீப்பர் அர்த்தநாரின்னா பழைய டிரைவருங்களுக்குத் தெரியும். தெரியும்னா, பயப்படுவாங்க. ரிட்டயர்டு ஆயாச்சு.

நீங்க சேலமா? ஓ, மெட்ராஸ். அருவி பாக்கப் போறீங்க. போங்க போங்க, நல்லா இருக்கும். நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். காரப்பாறைப் பிரிவுன்னு ஒரு எடம். ரோடு ரெண்டாப் பிரியும், ஒரு நெழற்குடை, ஒரு மைல் கல்லு, வேற ஒண்ணும் இருக்காது. என்ற பொண்ணு அங்க வர்றதுக்குள்ள நான் போய் நின்னாகோணும். அதுதான் மணியைப் பாத்துக்கிட்டே இருக்கறேன். அவ பஸ்ஸுல வரலீங்க. ஓடி வர்றா.

சிரிக்காதீங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் சிரிப்பாங்க. நானும் சிரிச்சவன்தான். கோழித்தீவனக் கம்பெனி லேப்ல நல்ல வேலை, ஏ.சி. ரூமு, சம்பளம், எல்லாம் இருக்குது. அதை விட்டுப்போட்டு ஞாயித்துக்கெழமையானா கரடு கரடா ஏறி எறங்கறா. மேகலான்னு பேரு. ஒரே பொண்ணு.

இந்த மலையில ஒம்பது உச்சி இருக்குதுங்க. பொழுது கிளம்பறப்போ மேல செம்மேடுங்கற ஊர்ல இருந்து ஓட ஆரம்பிக்கோணும். ஒம்பது உச்சியும் ஏறி எறங்கி, பொழுது சாயறதுக்குள்ள செம்மேட்டுக்கே திரும்பி வரோணும். கடைசிப் பகுதிக்காவது கூட ஒருத்தர் சாட்சிக்கு ஓடி வரோணும், அப்பத்தான் கணக்கு. பரிசெல்லாம் கெடையாதுங்க. மாலை கெடையாது. ஒரு சட்டிபிக்கேட்டு கூடக் கெடையாது. முடிச்சவங்க பேரை ஒரு எடத்துல சேத்துக்குவாங்க, அவ்வளவுதான். பொம்பளைங்க பேரு அதுல இது வரைக்கும் ஒண்ணுகூட இல்லை. என்ற மகளுக்கு அதுல பேரு வரோணும். அதுக்குத்தான் இத்தனை பாடு.

எதுக்கு இவ்வளவு மெதுவாப் போறான்? முன்னாடி லாரியா? ஹாரன் அடிக்கச் சொல்லுங்க, ஒதுங்கட்டும்.

இதுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் இருக்குதுங்க. அந்த ஓட்டக்காரங்களே சேந்து செஞ்சு வெச்சது. செல்லுலயும் வரும். மேகலாதான் ஒரு நாள் காட்டுனா. எத்தனை மணிக்குக் கிளம்பறே, எத்தனை மணிக்கு முடிக்கோணும், ரெண்டே ரெண்டு அடிச்சாப் போதும். ஒவ்வொரு உச்சிக்கும் எத்தனை மணிக்கு வரோணும், எந்த எடத்துல எவ்வளவு நேரம் நிக்கோணும், எத்தனை மணிக்குக் கிளம்போணும், அம்புட்டும் வரிசையா வந்து விழுந்துரும். ஏத்தத்துக்கு ஒரு கணக்கு, எறக்கத்துக்கு ஒரு கணக்கு. போகப் போகக் கால் ஓய்ஞ்சு போறதுக்குக் கூட ஒரு கணக்கு வெச்சிருக்கறாங்க. நான் அசந்துபோயிட்டேன். இதே வேலையை ஒரு ரூட்டுக்குப் பண்ண நாங்க எத்தனை பேரு உக்காருவோம் தெரியுமா? டிரைவரு இந்த நேரம் பத்தாதும்பான், மேனேஜரு இதுவே ஜாஸ்திம்பாரு, யூனியன்காரன் மேசையைத் தட்டுவான். இங்க ஒரே தட்டு. சண்டையில்லை சச்சரவில்லை.

அதுல ஒரு கட்டம் இருக்குது, ரோட்டோரத்துல தண்ணி வெச்சுக்கிட்டு யாரு நிக்கறதுன்னு. காரப்பாறைப் பிரிவுக்கு நேரா மேகலா "அப்பா"ன்னு அடிச்சிருந்தா. அர்த்தநாரின்னு இல்லை. அப்பான்னு. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, சொல்லத் தெரியலீங்க. ரிட்டயர்டு ஆகி வூட்டுல சும்மா உக்காந்திருந்தவனுக்கு ஒரு டூட்டி கெடைச்ச மாதிரி.

அதுக்கப்பறம் அதை நான் கையில எடுத்துக்கிட்டேன். அவளுக்கு வேலை ஜாஸ்தி, பாவம். எங்க தண்ணி குடிக்கறது, எங்க பழம் திங்கறது, எங்க செருப்பு மாத்தறது, ஷூவுங்க, எல்லாத்தையும் நேரத்தோட எழுதிப் போட்டேன். ஒண்ணுக்குப் போறதுக்குக் கூட எடம் ஒதுக்கி வெச்சேன். சாந்தாமணி, அதான் என்ற சம்சாரம், "அவ என்ன உங்க டிப்போ வண்டியா?"ன்னு கேட்டா. சாந்தாமணிக்கு என்ன தெரியும். மேகலாவே ஒண்ணும் சொல்லலை. "சரிங்கப்பா"ன்னுட்டா. எது சொன்னாலும் "சரிங்கப்பா"தான்.

இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இதைக் கவனிங்க. வண்டி லேட்டா வந்தாத் தப்பா, முன்னாடி வந்தாத் தப்பா? எல்லாரும் லேட்டுதான் தப்புன்னு நெனைப்பாங்க. நீங்களும் அப்படித்தான் நெனைச்சீங்க, மொகத்துலயே தெரியுது. இல்லீங்க. லேட்டுக்குக் காரணம் இருக்கும். பஞ்சர் ஆயிருக்கும், ரயில்வே கேட்டு போட்டிருப்பான். முன்னாடி வர்றவனுக்கு என்ன காரணம்? திமிருதான். அவன் முன்னாடி வந்தா, நேரத்துக்கு வந்து நிக்கற ஜனம் வண்டிய விட்டுரும். முன்னாடி போறவன் வண்டிக்குண்டான கூட்டத்தையும் இவனே அள்ளிக்குவான். அப்பறம் ரெண்டு கண்டக்டரும் சட்டையைப் புடிச்சுக்கிட்டு உருளுவாங்க. நானே எத்தனை தடவை வெலக்கிவிட்டிருக்கறேன். அதனால முன்னாடி வந்த வண்டிய விடவே மாட்டேன். சாவியைப் புடுங்கி மேசை மேல வெச்சுக்குவேன். நேரம் வரட்டும், அப்பறம் தர்றேன். எம்.எல்.ஏ. உள்ள உக்காந்திருந்தாலும் அதே கதைதான்.

மொதத் தடவை ஓடுனது மார்கழி முடிஞ்சு, பனியெல்லாம் விட்டப்பறம். மழைக்காலமே இல்லை. வாடகைக்குக் காரு புடிச்சு, நாங்க எல்லாம் முந்துன நாளே மலைக்குப் போயிட்டோம். நான் காலையில இருந்தே பிரிவுல நிக்கறேன். ஒரு ஸ்டூலு, ஒரு கேனு தண்ணி, வாழைப்பழம், குளுக்கோஸ், அவ மழைக்கோட்டு வெச்ச பை. ரெஹானாவும் வந்துட்டா. ரெஹானா ராசிபுரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். பிரிவுல இருந்து கடைசி வரைக்கும் மேகலா கூட ஓடறதுக்கு அவதான் சாட்சி. நல்ல பொண்ணுதான். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ரெண்டு பேரும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கறோம். பாத்தா, புல்லுக்காட்டுக்குள்ள இருந்து மேகலா வர்றா. எனக்கு அடையாளமே தெரியலீங்க. மொகமெல்லாம் செவந்து, முட்டி வரைக்கும் செம்மண்ணு, முடியெல்லாம் பிரிஞ்சு, வாய் நெறையச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவ மொகத்துல கல்யாண வூட்டுல கூட நான் பாத்ததில்லை. "அப்பா, எனக்கு இன்னைக்கு நெம்ப நல்லா இருக்குதுங்கப்பா!"ன்னு கத்திக்கிட்டே வர்றா. நான் வாட்சைப் பாத்தேன். இருபது நிமிஷம் முன்னாடி.

"உக்காரு கண்ணு"ன்னேன்.

"வேண்டாங்கப்பா. உக்காந்தாக் கால் புடிச்சுக்கும். தண்ணி மட்டும் குடுங்க."

"நேரம் இருக்குது. ஷெட்யூல்ல இன்னும் இருபது நிமிஷம் இருக்குது. உக்காரு."

ரெஹானா குறுக்க வந்தா. "அங்கிள், முன்னாடி வந்தா நல்லதுதானே? அங்க பாருங்க, மேகம் கட்டுது. இப்பவே விட்டா வழியில இருக்கற கீழ் ஓடையை மழைக்கு முன்னாடி தாண்டிருவோம்."

"அம்மிணி, நீயும் விசில் வெச்சிருக்கறவ. எப்ப ஊதறதுன்னு உனக்கு நான் சொல்லோணுமா?"ன்னேன். காரணம் இல்லாம நான் பேசலீங்க. இவ முன்னாடி போனா, ஓடைக்கரையில கஞ்சி வெச்சுக்கிட்டு யாரு இருப்பா? சாந்தாமணி செம்மேட்டுல ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, வூட்டுல கஞ்சி காய்ச்சி, மினிபஸ்ல அங்க வந்து எறங்கோணும். அந்த மினிபஸ்ஸுக்கு ஒரு நேரம் இருக்குது. கஞ்சி வேண்டாம் அங்கிள்னு சொல்றா ரெஹானா. வேண்டாம்னு சொல்றதுக்கா ஒருத்தி விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் காய்ச்சறா? அதுவுமில்லாம, ஆரம்பத்துல வேகமாப் போறவங்க கடைசியில படுத்துருவாங்கன்னு அந்தப் பக்கத்துலயே போட்டிருக்குது. நான் படிச்சிருக்கறேன். அவங்க ரெண்டு பேரும் படிச்சாங்களோ என்னமோ.

பையை நான் கையில வெச்சுக்கிட்டேன். மேகலா என்ற மொகத்தை ஒருக்கா பாத்தா. அப்பறம் "சரிங்கப்பா"ன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டா.

கொஞ்ச நேரத்துல அவ தொடை ரெண்டும் தானா நடுங்க ஆரம்பிச்சுருச்சு. வேர்வை காயறப்போ குளிருமில்லீங்களா? என்ற துண்டை எடுத்துப் போத்திவிட்டேன். வாழைப்பழத்தை உரிச்சுக் குடுத்தேன். வாங்கிக் கையிலயே வெச்சிருந்தா. என்னையப் பாக்கலை. மலையையே பாத்துக்கிட்டு இருந்தா. பரவாயில்லை, நல்லா மனசை ஒருமுகப்படுத்தறா போலன்னு நெனைச்சுக்கிட்டேன். ரெஹானா மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருந்தா.

நேரம் வந்துச்சு. விசில் ஊதுனேன். ஒரு செகண்டு முன்ன பின்ன இல்லீங்க. நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க.

அந்தம்மாவுக்கு வாந்தி வருதாட்டம் இருக்குது, ஜன்னலைத் தொறந்து விடுங்க. ஏம்மா, எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறீங்களா? எழுபது வளைவுங்க, யாருக்கா இருந்தாலும் பொரட்டும். கண்டக்டர், அதுக்காக வண்டிய நிறுத்திராதீங்க. ஜன்னல்லயே ஆகட்டும்.

எங்க விட்டேன்? ஆங், ஓடைக்கரை. கார்ல நான் முன்னாடி போயிட்டேன். சாந்தாமணியும் மினிபஸ்ல நேரத்துக்கு வந்து எறங்குனா. பாத்தீங்களா, நேரம்னா நேரம். நாங்க நின்னு அஞ்சு நிமிஷம் ஆகலை, மலைமேல இடிக்குது. எங்களுக்கு நாலு தூத்தல்தான். மேல என்ன பேஞ்சுதோ தெரியலை, ஓடையில தண்ணி நெறம் மாறுச்சு. மொதல்ல எலை தழை வந்துச்சு. அப்பறம் ஒரு மரக்கெளை. அப்பறம் சத்தம். அந்தச் சத்தத்தை இப்ப நெனைச்சாலும், இங்க பாருங்க, மசிரு குத்திட்டு நிக்குது. முழங்கால் அளவு ஓடுன ஓடைங்க, பாத்துக்கிட்டு இருக்கறப்பவே இடுப்பளவு வந்துருச்சு.

அவ வர வேண்டிய நேரம் ஆச்சு. வரலை. அதுக்கு மேல ஆச்சு. வரலை. செல்லு எடுக்கலை. சாந்தாமணி கஞ்சிச் சட்டியை முந்தானையில மூடிக்கிட்டு ஒரு கல்லு மேல நிக்கறா. அர்த்தநாரீஸ்வரா, அவளுக்குப் பேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஆளா வந்து சேந்தாப் போதும்னு வாய்விட்டே சொல்லிட்டேன். கார் டிரைவரு என்னையப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டான்.

அப்பறந்தான் அக்கரையில ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. உசுரு வந்துச்சு. ஆனா தாண்ட முடியாது. கை நீட்டுனா எட்டற தூரம் மாதிரி தெரியுது, நடுவுல தண்ணி பேயாட்டம் போகுது. மேகலா ஓடைக்கரையில மேல ஓடறா, கீழ ஓடறா, எங்க தாண்டலாம்னு பாக்கறா. "எறங்காதே! எறங்காதே!"ன்னு நான் கத்தறேன், கேக்கவே இல்லை. மேற்கால பொழுது எறங்கிக்கிட்டே இருக்குது. தண்ணி கொஞ்சம் வடிஞ்சவொடனே ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு எறங்கிட்டாங்க. நடுவுல மேகலா வழுக்கி ஒரு பாறை மேல விழுந்தா. சாந்தாமணி கஞ்சிச் சட்டியைப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள ஓடுனா பாருங்க, நீச்சலே தெரியாதவ! ரெஹானா இழுத்துக்கிட்டு வந்து கரை சேத்தா.

மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. அந்தக் கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மிச்சத்தையும் ஓடுனா. நில்லு, கார்ல ஏறுன்னு சாந்தாமணி கெஞ்சறா, கேக்கலை. செம்மேடு கடைத்தெருவுக்கு அவ வந்து சேர்றப்போ கடைக்கெல்லாம் லைட்டுப் போட்டுட்டாங்க. ஏறுன உச்சி ஒம்பதும் ஏறுனதுதான். பொழுது சாஞ்சு பத்து நிமிஷம் கூட இருக்காது. ஆனா சாஞ்சது சாஞ்சதுதானுங்களே? அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது, ரூல்னா ரூலு.

ரெஹானா எல்லாரு முன்னாடியும் சொன்னா. "அங்கிள், அந்த இருபது நிமிஷம் இருந்திருந்தா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே தாண்டியிருப்போம்."

இது என்ன பேச்சுங்க? மழை பேஞ்சதுக்கு நானா பொறுப்பு? அந்தப் பக்கத்துல மழைக்குன்னு ஒரு கட்டமே இல்லை. அது அவங்க கொறை. நான் விடலை, எழுதியே போட்டேன், இன்ன மாதிரி மழைக்கு ஒரு கட்டம் சேக்கோணும்னு. நன்றின்னு பதிலும் வந்துச்சு.

மேகலா ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு கார்ல வர்றப்போ, இருட்டுல, திடீர்னு "சரிங்கப்பா"ன்னா. நான் எதுவும் சொல்லவே இல்லீங்க. கேக்கவும் இல்லை. அவளா சொன்னா, சரிங்கப்பான்னு. காச்சல்ல சொல்றா போலன்னு விட்டுட்டேன். ஆனா எனக்கு என்னமோ பொக்குனு போச்சு.

அதுல இருந்து வூட்டுல ஒரு மாதிரிதான். பேசாம இல்லை, பேசுவா. சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எல்லாம் கேப்பா. அந்தப் பக்கத்தை மட்டும் தொறந்தா, பாக்க முடியுது, ஒண்ணையும் மாத்த முடியலை. என்ன அமுக்குனாலும் அசைய மாட்டேங்குது. என்ன கண்ணுன்னு கேட்டா, "பாஸ்வேர்டு மறந்துருச்சுங்கப்பா"ங்கறா. லேப்ல வேலை பாக்கறவ, எத்தனை பாஸ்வேர்டு நெனைப்பு வெச்சிருப்பா, பாவம், ஒண்ணு மறக்கறது சகஜந்தான். நான் தெனமும் காலையில தொறந்து பாத்துக்கறது. பேப்பர் படிக்கற மாதிரி ஒரு பழக்கம்.

இன்னைக்குக் காலையில தொறக்கறேன், புதுசா ஒரு ஷெட்யூல் இருக்குது! இன்னைக்குத் தேதி! பொழுது கிளம்பறப்போ செம்மேட்டுல ஆரம்பம்! நேத்து ராசிபுரத்துல ரெஹானா வூட்டு விசேஷம்னு சொல்லிட்டுப் போனவ, இன்னைக்கு மலைமேல ஓடிக்கிட்டு இருக்கறா. என்ற கிட்ட சொல்லோணும்னு அவளுக்குத் தோணலை பாருங்க. பதட்டத்துல மறந்துட்டா. சரி, அது போகட்டும். காரப்பாறைப் பிரிவுக்கு நேரா பாக்கறேன். யாரு நிக்கறதுங்கற கட்டம் காலியா கெடக்குது! நிக்கற நேரமும் போடலை. வந்த நேரமே கிளம்பற நேரம். ஒரு நிமிஷம் கூட இல்லை. இப்படி ஒரு ஷெட்யூல் உண்டுங்களா? அவ்வளவு தூரம் ஓடி வர்றவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க அங்க ஆள் இல்லை. என்ற பேரு விட்டுப்போச்சு. அதைத் திருத்தலாம்னா எனக்குத்தான் மாத்த முடியலையே. போன் போட்டா எடுக்கலை. சாந்தாமணிகிட்ட சொல்லலாம்னா, அவ விடியறதுக்கு முன்னாடியே பக்கத்து வூட்டம்மாகூடத் திருச்செங்கோடு கோயிலுக்குக் கிளம்பிட்டா. அதுதான் பழத்தையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கிட்டு ஓடி வந்து இந்த வண்டியில ஏறுனேன். இந்தாங்க, பாருங்க, விசிலு கூட எடுத்துக்கிட்டு வந்திருக்கறேன்.

வளைவெல்லாம் முடிஞ்சுருச்சு. இனிமே சமதரைதான், காத்து ஜில்லுனு வருதில்லீங்களா? இப்ப வெசையாப் போவான். மணி என்னங்க? சரி. சரி. இப்படியே போனாப் புடிச்சுரலாம். நேரத்துக்கு வந்தாள்னா நான் அங்க இருப்பேன். முன்னாடி வந்தாத்தான்...

சித்த இருங்க, போன் அடிக்குது. சிக்னல் வந்துருச்சாட்டம் இருக்குது. சாந்தாமணி.

ஹலோ. ஹலோ, சத்தமாப் பேசு. என்ன அங்க காத்தடிக்குது? கோயில் மலைமேலயா இருக்கறே? ... எங்க? ... செம்மேட்டுலயா? நீ எதுக்கு அங்க... பொறு, பொறு. உனக்கு முன்னாடியே தெரியுமா? ... எத்தனை நாளா? ... சரி விடு. அதை விடு. நான் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கறேன். ஆமா, பிரிவுக்குத்தான். அங்க ஆள் இல்லை, நீங்க ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவே... ஏன், எதுக்கு அழுவறே? அழுகாமச் சொல்லு. ... யாரு சொன்னா? மேகலாவா? என்ன சொன்னா? ... மறுக்காச் சொல்லு.

...

வெச்சுட்டா.

ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் ஓடறாளாம். ரெஹானா இந்தத் தடவை பாதி தூரத்துல இருந்தே கூட ஓடறாளாம். கீழ் ஓடையில தண்ணியே இல்லையாம்.

மேகலா அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டுக் கிளம்புனாளாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அப்பா அங்க வந்து நின்னார்னா நான் நின்னுருவேம்மா. அவரு நில்லுன்னு சொல்லக்கூட வேண்டாம். அவரைப் பாத்தாலே என்ற காலு நின்னுரும். அப்படின்னு.

பாருங்க, எவ்வளவு மரியாதைன்னு. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுவா? முப்பது வயசு ஆகப் போகுது. அப்பனைப் பாத்தாக் காலு நின்னுருமாம்.

மரியாதைதானுங்களே அது?



ஆங்? காரப்பாறைப் பிரிவா? வந்துருச்சா? தெரியுது கண்டக்டர், தெரியுது. அந்தம்மா எறங்கட்டும், அவங்களுக்கு வழி விடுங்க. நான்... இருங்க. பையை எடுக்கறேன். ஷெட்யூல் படி இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல இருக்குது. அவ வர்றதுக்குள்ள எறங்கி அந்த நெழற்குடையில நின்னா, தண்ணியை மட்டும் நீட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம, ஒரு அஞ்சே நிமிஷம் உக்கார வெச்சு...

அங்க பாருங்க! உங்க பக்கத்து ஜன்னல்ல! புல்லுக்காட்டுக்குள்ள மஞ்சப் பனியன் தெரியுதுங்களா? அதுதான். என்ற பொண்ணு. பின்னாடி வர்றது ரெஹானா. முன்னாடியே வந்துட்டா! எப்படி எறங்கறா பாருங்க, ஆட்டுக்குட்டியாட்டம். சிரிக்கறாளா? எனக்கு இவ்வளவு தூரம் கண்ணு தெரியலை, நீங்க பாத்துச் சொல்லுங்க, சிரிக்கறாளா?

எறங்கலை கண்டக்டர். டிக்கெட்டு இங்கதான் எடுத்தேன், இருந்தாலும் எறங்கலை. செம்மேட்டுக்கோ எங்கயோ ஒண்ணைப் போட்டுக்குங்க, அப்பறம் காசு தர்றேன். அய்யய்யோ, விசிலு குடுத்துராதீங்க! வண்டிய எடுக்க வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டட்டும். நேரமானா ஆகட்டும் கண்டக்டர், லேட்டுன்னு எவன் கேட்டாலும் என்ற பேரைச் சொல்லுங்க, டைம் கீப்பர் அர்த்தநாரி நிறுத்தச் சொன்னார்னு சொல்லுங்க!

சார், நீங்க சித்த இப்படிச் சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். நான் கீழ குனிஞ்சுக்கறேன். அவ கண்ணுல நான் படக் கூடாது. பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, முட்டி வலிக்குது, அதான் இப்படி உக்காந்துக்கறேன். நீங்க மட்டும் பாருங்க. எங்க வந்துட்டா? ரோட்டுக்கு வந்துட்டாளா? நெழற்குடையைப் பாக்கறாளா? அங்க யாரும் இல்லையில்லீங்களா? நல்லாப் பாருங்க, யாரும் நிக்கலையே?

நின்னாளா? நிக்கலையா?

தாண்டிட்டாளா?

இல்லீங்க, நான் இன்னும் எந்திரிக்கலை. திரும்பிப் பாத்தாலும் பாப்பா.